மிளகாய் இலை சுருளுது, தக்காளி அடி கறுக்குது, புடோல் பிஞ்சிலயே மஞ்சளாகுது: மாசி வளவுத் தோட்டத்துக்கு என்ன செய்யலாம்?

கிணத்தடி வளவு (கிளிநொச்சி)

எல்லாருக்கும் வணக்கம். செம்மண் வளவு, கோடிப்பக்கம் 30 அடிக்கு 10 அடி பாத்தி. தைப்பொங்கலோட நட்டது மிளகாய் 24, தக்காளி 12, கத்தரி 10. வேலிப்பக்கம் பந்தலில 4 புடோலும் 2 பாகலும். கரையில ஒரு வரிசை பயிற்றை. அடிப்பசளை மாட்டெரு. பிறகு ரெண்டு தரம் யூரியா.

பயிற்றை நல்லா வருது. பின்னேரம் பார்த்த கொடி விடியக்காலமை ஒரு சாண் ஏறி நிக்கும், அதைப் பார்க்கவே கிணத்தடிக்குப் போகச் சொல்லும். கத்தரியும் ஊதாப் பூவும் பிஞ்சுமா நிறைஞ்சு நிக்குது. மற்றதுகள்தான் பிரச்சினை:

மிளகாயில 9 கண்டுக்கு நுனி இலை சுருண்டிட்டுது. அதில ரெண்டு கண்டு மஞ்சளாகி, இலை சிறுத்து, வளராமல் நிக்குது. நேற்றுப் பின்னேரம் வேப்பெண்ணெய் லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் கணக்கில, கொஞ்சம் சவர்க்காரம் கலந்து அடிச்சாச்சு.

தக்காளிக் காயின்ர அடிப்பக்கம் வட்டமாக் கறுத்துக் குழி விழுது.

புடோல் பூ நிறைய. ஆனால் பிஞ்சு விரலளவு வந்ததும் மஞ்சளாகி விழுது. தப்பின ரெண்டும் கொக்கி மாதிரி வளைஞ்சு கிடக்கு.

கிணறு இறங்குது, மோட்டர் 20 நிமிசத்துக்கு மேல இழுக்குதில்லை. அதால ஒரு நாள் நிறையத் தண்ணி, ரெண்டு நாள் ஒண்டுமில்லை எண்ட மாதிரித்தான் போகுது. ஈரம் காக்க வைக்கோல் பரப்பினால் அதுக்குள்ள கறையான் பிடிச்சிட்டுது. போதாததுக்கு மயில் வந்து தக்காளியைக் கொத்துது.

எதை முதல் பார்க்கிறது?

கதியால் (ஒட்டுசுட்டான்)

தம்பி, முதல் மிளகாய். மற்றதுகள் ஒரு கிழமை பொறுக்கும், மிளகாய் பொறுக்காது.

இலை சுருளுது எண்டு எல்லாரும் ஒரே மருந்தை அடிக்கிறதுதான் இஞ்ச நடக்கிற பெரிய பிழை. சுருளுறதில மூண்டு வகை இருக்கு, மூண்டுக்கும் காரணம் வேற. ஒரு நுனி இலையைப் பிடுங்கி உள்ளங்கையில வைச்சுப் பாருங்கோ. இலையின்ர ரெண்டு ஓரமும் மேல்நோக்கி மடிஞ்சு தோணி மாதிரி இருந்தால் அது பனிப்பூச்சி. வெள்ளைக் கடதாசியைக் கீழ பிடிச்சு நுனியைத் தட்டினால் ஒரு மில்லிமீற்றர் நீளத்தில வைக்கோல் நிறப் பூச்சி விழுந்து ஓடும். ஓரம் கீழ்நோக்கி மடிஞ்சு கவிழ்த்த தோணி மாதிரி இருந்து, இலைக் காம்பும் வழமையை விட நீண்டு, அடிப்பக்கம் எண்ணெய் பூசின மாதிரிப் பழுப்பு மினுக்கம் தெரிஞ்சால் அது சிற்றுண்ணி. அது கண்ணுக்குத் தெரியாது, கடதாசியிலயும் தெரியாது. இலை சிறுத்து, நரம்புக்கு இடையில மஞ்சளாகி, கணு நெருங்கி, கண்டு குட்டையாகிப் போனால் வைரஸ். அதைக் காவுறது வெள்ளை ஈ.

பனிப்பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் நல்லது. கோதை உடைச்சு எடுத்த பருப்பு 50 கிராம் ஒரு லீற்றர் தண்ணிக்கு. இடிச்சுத் துணியில கட்டி இரவு முழுக்க ஊற வைச்சு, காலமை பிழிஞ்சு வடிச்சு, லீற்றருக்கு ஒரு கிராம் சவர்க்காரம் கரைச்சு, வெயில் தாழ்ந்த பிறகு இலையின்ர அடிப்பக்கம் நனைய அடிக்கவேணும். வெயிலில அதின்ர சத்துக் கெட்டுப் போகும். போன ஆடியில பொறுக்கின கொட்டையை நிழலில காய வைச்சிருந்தால் பங்குனி வரைக்கும்தான் நம்பலாம், எட்டு மாதம் தாண்டினால் வீரியம் இறங்கும். கறுத்துப் பூஞ்சணம் பிடிச்ச கொட்டையை இடிச்சுப் பிரயோசனமில்லை.

சிற்றுண்ணிக்கு நனையும் கந்தகம், 80 வீதத் தூள், லீற்றருக்கு 2 கிராம். ஆனால் நேற்று எண்ணெய் அடிச்சிருக்கிறியள். எண்ணெய் அடிச்ச கண்டுக்கு 14 நாளைக்குக் கந்தகம் படக்கூடாது, ரெண்டும் சேர்ந்தால் இலை கருகும். 32 பாகைக்கு மேல வெப்பம் இருக்கேக்கையும் அடிக்கக்கூடாது. எங்கட பங்குனி வெயிலுக்கு அஞ்சு மணிக்குப் பிறகு எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

வைரஸ் பிடிச்ச கண்டுக்கு மருந்தே இல்லை. மனம் வராதுதான், ஆனால் அதை வைச்சிருக்கிறது மற்றதுகளுக்குப் பரப்புற மாதிரி. விடியக்காலமை, வெள்ளை ஈ பறக்க முதல், ஒரு பொலித்தீன் பையைக் கண்டுக்கு மேல கவிழ்த்து, வேரோட இழுத்து, வாயைக் கட்டி வெயிலில போடுங்கோ.

இலையைத் திருப்பிப் பார்த்திட்டு வந்து எழுதுங்கோ. அதுவரைக்கும் வேற ஒண்டும் அடிக்கவேண்டாம்.

நெடுங்கேணி மண்வெட்டி

தக்காளிக்கு முட்டைக் கோதை இடிச்சுப் போடுங்கோ. கல்சியம் குறைஞ்சால்தான் அடி கறுக்கும். நீத்துப்பெட்டியளவு சுண்ணாம்பும் போடலாம்.

பாவற்குளம் (வவுனியா)

முட்டைக் கோது போடுவதால் கெடுதல் இல்லை. ஆனால் இந்தக் காய்க்கு அது உதவாது. கோது மண்ணில் கரைய மாதக்கணக்காகும், அதற்குள் தக்காளியே முடிந்துவிடும். சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் கல்சியம் நிறைந்த கடினத் தண்ணீர். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைக் கல்லைப் பார்த்தாலே தெரியும். அந்தத் தண்ணீரை ஊற்றும் மண்ணில் கல்சியத்துக்குப் பஞ்சமிராது.

பிரச்சினை, அந்தக் கல்சியம் காயின் நுனிவரை போய்ச் சேராதது. கல்சியம் தண்ணீரோடு மட்டுமே மேலே ஏறும். மண் காயும் நாளில் கிடைக்கும் கொஞ்சத் தண்ணீரையும் இலைகள் இழுத்துவிடும், காயின் அடிக்குப் பங்கு வராது. நீங்கள் எழுதிய "ஒரு நாள் நிறைய, ரெண்டு நாள் இல்லை" என்பதுதான் முழுக் காரணமும். யூரியா கூடினாலும் இலை மட்டும் தழைத்து இது மோசமாகும். எனவே தக்காளிக்கு யூரியாவை நிறுத்துங்கள். கறுத்த காய்களைக் கிள்ளிவிடுங்கள். இது தொற்று நோயல்ல. கறுத்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, அழுகாத மிச்சத்தைக் கறிக்குப் போடலாம்.

தண்ணீர்க் கணக்கைப் பார்ப்போம். காய் பிடிக்கும் பருவத்தில், இந்த வெயிலுக்கு, தக்காளி ஒன்றுக்கு ஒரு நாளைக்கு இரண்டரை லீற்றர், மிளகாய்க்கு ஒன்றேகால், கத்தரிக்கு 2, பந்தல் கொடி ஒன்றுக்கு ஐந்தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எண்ணிக்கைக்கு 30, 30, 20, 33. பயிற்றைக்கு ஒரு 15. ஏறத்தாழ 130 லீற்றர், அதாவது 10 லீற்றர் வாளியால் 13 வாளி. 20 நிமிடம் ஓடும் மோட்டர் இதைவிட எவ்வளவோ கூடுதலாக இறைக்கும். எனவே உங்களுக்குக் குறைவது தண்ணீரல்ல, தேக்கி வைக்கும் இடம். ஒரு 200 லீற்றர் பரலைப் பாத்தித் தலைப்பில் இரண்டு வரிசைக் கல்லின்மேல் ஏற்றி வையுங்கள். காலையில் ஒருமுறை நிரப்பி, மூடி, பின்னேரம் குழாயால் விடுங்கள். இரவு முழுதும் கிணறு ஊறும்.

செம்மண் காய்ந்தால் மேலே ஓடு கட்டும். அதன்மேல் ஊற்றும் தண்ணீர் வழிந்து வரம்புக்குப் போய்விடும். நாலு நாளுக்கு ஒருமுறை முள்ளுக் கரண்டியால் ஓர் அங்குல ஆழத்துக்கு மட்டும் கிளறிவிடுங்கள், அதற்குக் கீழே வேர் இருக்கும். கண்டைச் சுற்றி ஒரு முழ அகலத்தில் வட்டக் கிடங்கு கட்டி அதற்குள் ஊற்றுங்கள். மத்தியானத்தில் இலைமேல் தெளிக்கவேண்டாம். கடினத் தண்ணீர் காய்ந்து வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொள்ளும்.

கறையானைப் பற்றி: அது தேடி வருவது உலர்ந்த வைக்கோலையும் சருகையும். பச்சைக் குழையை அவ்வளவாக நாடாது. வைக்கோலை அள்ளிக் கூட்டெருக் குவியலுக்குப் போட்டுவிட்டு, கிளிசரியாக் குழையை வெட்டி நாலு விரல் தடிப்புக்குப் பரப்புங்கள். தண்டிலிருந்து ஒரு சாண் இடைவெளி விடவேண்டும். இரண்டு மூன்று கிழமையில் இலை உக்கிப் பசளையாகும், மிஞ்சும் குச்சிகளைப் பொறுக்கிவிட்டுத் திரும்பப் பரப்புங்கள். கதியால் வேலியில் கிளிசரியா நிற்கிற வளவில் யூரியாப் பை வாங்கத் தேவையே குறைவு. 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது வீட்டுத் தோட்டங்களில் பலருக்குக் கைகொடுத்தது இந்தக் குழைதான். தண்ணீர் இல்லாமல் வாடி நிற்கும் கண்டைக் கறையான் வேரிலேயே தாக்கும். அதற்கும் மருந்து ஒழுங்கான ஈரம்தான்.

இன்னொன்று. பங்குனி நடுவுக்குப் பிறகு இரவும் சூடாகவே இருக்கும், தக்காளி பூத்தாலும் பூ உதிரும். மேற்குப் பக்கம் கிடுகு ஒன்றைச் சரித்துக் கட்டினால் பின்னேர வெயில் தணியும், இருக்கிற காய் பழுக்கும். இப்போது புதிதாகத் தக்காளி நாற்றுப் போடவேண்டாம், புரட்டாதியில் போடுங்கள். அந்த இடத்துக்குச் சித்திரை மழையோடு வெண்டியும் கீரையும் வரும்.

பந்தல்க்காரி (முள்ளியவளை)

புடோலுக்கு நான் எழுதிறன். பூ விழுறதைக் கண்டு பயப்பிடவேண்டாம். முதல் ஒண்டு ரெண்டு கிழமை வாறது ஆண் பூ மட்டும்தான், அது விழத்தான் வேணும். நீட்டுக் காம்பில கொத்தா மொட்டு வாறது ஆண். பெண் பூ தனிய வரும், பூவுக்குக் கீழ ஊசி போல மெல்லிய பிஞ்சு ஒண்டு பிறக்கேக்கையே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பிஞ்சு விரலளவில மஞ்சளாகுதெண்டால் மகரந்தம் சேரேல்லை எண்டு அர்த்தம்.

ஏன் சேரேல்லை? புடோல் பூ பகலில விரியிறேல்லை, பொழுதுபட்டுத்தான் விரியும். வெள்ளை நூல் நூலா ஓரம் பிரிஞ்சு, இருட்டில சின்னச் சரிகைத் துணி தொங்கிற மாதிரி இருக்கும். அதுக்கு வாறது தேனீ இல்லை, இரவில பறக்கிற அந்துப்பூச்சி. பந்தலுக்குப் பக்கத்தில வெளிச்சமான மின்குமிழ் எரிஞ்சால் அந்து அங்க போயிடும், பந்தலில பூச்சிமருந்து அடிச்சாலும் வராது. நீங்கள் மிளகாய்க்கு அடிக்கிற நாளில பந்தல்ப் பக்கம் காற்று வீசாத நேரமாப் பாருங்கோ.

கையால சேர்க்கிறது லேசு. ஏழு மணி போல ரோச் லைற்றோட போய், நல்லா விரிஞ்ச ஆண் பூ ஒண்டைக் காம்போட கிள்ளி, வெள்ளை இதழை மெதுவா உரிச்சு விடுங்கோ. நடுவில மஞ்சள்த் தூள் விரலில ஒட்டினால் அது சரியான பூ. அதைப் பெண் பூவின்ர நடுவில இருக்கிற மூண்டு பிரிவுச் சூல்முடியில மூண்டு பக்கமும் படத் தடவுங்கோ, அழுத்தவேண்டாம். ஒரு ஆண் பூ ரெண்டு பெண் பூவுக்குக் காணும். தடவின பிஞ்சுக் காம்பில ஒரு நூல்த் துண்டைக் கட்டிவிட்டால் எதுவெண்டு பிறகு தெரியும். மூண்டாம் நாள் பிஞ்சு கரும்பச்சையாகி நீண்டு கீழ தொங்கத் தொடங்கும். அந்தச் சந்தோசத்துக்காகவே இரவில போகலாம். பாகலுக்கும் பூசணிக்கும் இது காலமை வேலை, பூசணிப் பூ பத்து மணிக்கு முதலே வாடிப்போகும்.

வளைஞ்ச காயை எடுத்து, வளைவின்ர உள்பக்கத்தைப் பாருங்கோ. ஊசி குத்தின மாதிரிப் புள்ளியும் அதில காய்ஞ்ச பிசினும் இருந்தால் பழ ஈ முட்டை வைச்சிருக்கு. குத்தின பக்கம் வளர்ச்சி நிக்கும், மற்றப் பக்கம் வளரும், அதுதான் கொக்கியாகுது. மருந்தை விடப் பை கட்டுறதுதான் நிச்சயம். மகரந்தம் சேர்ந்து மூண்டாம் நாள், பழைய சாரத் துணியில 3 அங்குல விட்டத்தில ரெண்டரை அடி நீளக் குழாய் தைச்சு, பிஞ்சுக்கு மாட்டி மேல் வாயைக் காம்போட தளர்வாக் கட்டுங்கோ. கீழ் வாயையும் கட்டவேணும், இல்லாட்டி ஈ கீழால ஏறும். நீட்டுப் புடோல் எண்டால் காய் ஒரு முழம் வந்ததும் நுனியில நூலால 50 கிராம் கல்லுக் கட்டலாம். அது நேராக இழுக்கும், ஆனால் ஈ குத்தினதை நேராக்காது.

குத்தின காயைக் கூட்டெருவுக்குப் போடாதேங்கோ. உள்ள இருக்கிற புழு மண்ணுக்க இறங்கிக் கூடு கட்டித் திரும்ப ஈயா வரும். கறுத்தப் பொலித்தீனில கட்டி ஒரு கிழமை வெயிலில வைச்சிட்டுப் பிறகு தாழுங்கோ.

துளசிச் சாறு வைச்ச போத்தல் பொறி இதுக்குச் சரிவராது. துளசியில இருக்கிற வாசம் இழுக்கிறது மாம்பழ ஈயின்ர ஆணை. புடோல், பாகலுக்கு வாற ஈ வேற இனம், அதுக்குக் கியூலூர் எண்ட வேற கவர்ச்சிப் பொருள் வைக்கவேணும். துளசிப் போத்தலில ஈ நிறைஞ்சு கிடக்க, பாகல் எல்லாம் புழுவாப் போறது இதாலதான்.

வைகாசியில சோளகம் எண்ட தென்மேற்குக் காத்துத் தொடங்க முதல் பந்தலின்ர தென்மேற்குப் பக்கம் கிடுகு கட்டிவிடுங்கோ. காத்தில இலை உரசிக் கிழியும், பிஞ்சு தடியோட அடிபடும்.

பாவற்குளம் (வவுனியா)

கத்தரி பற்றி ஒன்று விட்டுப்போனது. நன்றாக நிற்கிறது என்றாலும் காலையில் குருத்துகளைப் பாருங்கள். ஒரு குருத்து மட்டும் தலை தொங்கினால் உள்ளே துளைப் புழு இருக்கிறது. துளைக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி எரித்துவிடுங்கள், விட்டால் அடுத்தது காய்க்குள் போகும். முழுக் கண்டும் பச்சையாகவே திடீரென்று வாடினால் அது வேறு. அடித்தண்டை இரண்டங்குலம் வெட்டித் தெளிந்த தண்ணீர்க் கிளாசில் தொங்கவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் பால் நூல் போல வடிந்தால் பக்றீரியா வாடல். அந்த இடத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் திரும்ப வேண்டாம்.

கதியால் (ஒட்டுசுட்டான்)

மயிலுக்கு: பழைய மீன்வலை 6 அடி உயரம் சுத்திக் கட்டுங்கோ. கீழ ஒரு சாண் இடைவெளி விட்டால் சாரைப்பாம்பு சிக்காது, எலி பிடிக்கிற பாம்பு அது, தோட்டத்துக்கு வேணும். மேல் பக்கம் தங்கூசியை (நைலோன் தூண்டில் நூல்) ஒரு முழத்துக்கு ஒண்டு எண்டு குறுக்க இழுத்துக் கட்டினால் மயிலுக்கு இறங்க இடமிராது. நஞ்சு வைக்கிற யோசனையை ஆரும் சொன்னால் கேட்கவேண்டாம்.

கிணத்தடி வளவு (கிளிநொச்சி)

எல்லாருக்கும் பெரிய நன்றி. அண்ணை, இலையைத் திருப்பிப் பார்த்தாச்சு. 7 கண்டில ஓரம் கீழ்நோக்கித்தான் மடிஞ்சிருக்கு, காம்பும் நீளம், அடிப்பக்கம் மினுங்குது. கடதாசியில ஒண்டும் விழேல்லை. மஞ்சளாகிக் குட்டையான ரெண்டையும் பை போட்டு இழுத்தாச்சு. அக்கா சொன்ன மாதிரிப் புடோல் வளைவுக்குள்ள பிசின் இருக்கு. இனி 14 நாள் கந்தகம் அடிக்க ஏலாதெண்டால் இந்த 7 கண்டையும் சும்மா விடுறதோ?

கதியால் (ஒட்டுசுட்டான்)

சும்மா விடவேண்டாம். சுருண்ட நுனியை 2 அங்குலம் கிள்ளி, ஒரு வாளி சவர்க்காரத் தண்ணிக்குள்ள நேரடியாப் போடுங்கோ, நிலத்தில போடாதேங்கோ. சிற்றுண்ணி இளங் குருத்திலதான் கூடி நிக்கும், கிள்ளினாலே பெரும் பங்கு போயிடும். பிறகு நாள் விட்டு நாள், விடியக்காலமை, குழாயின்ர வாயை விரலால அடைச்சு இலையின்ர அடிப்பக்கத்துக்கு வேகமாத் தண்ணி பீச்சுங்கோ. வெயில் ஏற முதல் இலை காயவேணும்.

எப்பவும் நல்ல கண்டுகளில வேலையை முடிச்சிட்டுத்தான் இந்த 7 கண்டுக்கும் வாங்கோ. சிற்றுண்ணி கையிலயும் உடுப்பிலயும் ஒட்டி வரும், வெள்ளை ஈயின்ர காலிலயும் தொத்திப் போகும்.

14 நாள் கழிச்சு, முதல் ரெண்டு கண்டுக்கு மட்டும் கந்தகம் அடிச்சு ரெண்டு நாள் பாருங்கோ. ஓரம் கருகாட்டி மற்றதுகளுக்கும் அடிக்கலாம். முகமூடி கட்டி, தூளை முதல் கொஞ்சத் தண்ணியில குழைச்சு, பிறகு மிச்சத் தண்ணியை விடுங்கோ, இல்லாட்டி கட்டி பிடிச்சுத் தெளிகருவியின்ர வாய் அடைபடும். 10 நாள் விட்டு இன்னொருக்கால். காய் பறிச்சால் நல்லாக் கழுவுங்கோ.

ஏற்கெனவே சுருண்ட இலை விரியாது, அதைப் பார்த்து மருந்து வேலை செய்யேல்லை எண்டு நினைச்சு அளவைக் கூட்டாதேங்கோ. பார்க்கவேண்டியது கிள்ளின இடத்துக்குக் கீழ வாற புதுக் குருத்தை. அது தட்டையா விரிஞ்சு வந்தால் கண்டு தப்பிட்டுது. ரெண்டாம் தரம் அடிச்ச பிறகும் குருத்து கவிழ்ந்தே வந்தால் ஒரு கொப்பைப் பொலித்தீனில கட்டிக் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய் விவசாயப் போதனாசிரியரிட்டக் காட்டுங்கோ, அல்லது விவசாயத் திணைக்களத்தின்ர 1920 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கோ.

பந்தல்க்காரி (முள்ளியவளை)

தம்பி, பிசின் இருந்த காயை இண்டைக்கே அறுத்துப் பொலித்தீனில கட்டுங்கோ, நாளைக்கு விடவேண்டாம். பந்தலுக்குக் கீழ மண்ணை ரெண்டு அங்குலம் கொத்தி வெயில் பட விடுங்கோ, கூடு கட்டின புழு அதிலதான் இருக்கும். கோழி இருந்தால் ஒரு மணித்தியாலம் பந்தலுக்குக் கீழ மட்டும் விடுங்கோ. மிளகாய்ப் பாத்திப் பக்கம் போகாமல் ஒரு ஆள் நிக்கவேணும்.